கைப்பேசியிற் பதிவிடுங் கலை

பதிவு என்னுஞ் சொல் நம் பாட்டன்மார் காலத்திற் பெரும்பாலும் ரிஜிஸ்திரார் கச்சேரியையே நினைப்பூட்டியது. நிலம் கைமாறும்போது முத்திரைத்தாள் வாங்கி, சாட்சிகள் இருவரை உடனழைத்துச் சென்று, அதிகாரியின் முன்னிலையிற் கையொப்பமிட்டு முடிப்பதையே அவர்கள் பதிவு என்றனர். இக்காலத்திலோ அச்சொல்லைக் கேட்டவுடன் மாணவர்க்கு நினைவு வருவது கையகலமுள்ள ஒரு கருவி. காலையில் உண்ட உணவு, மாலையிற் பெய்த மழை, தேர்வுபற்றிய துயரம், தேர்தல்பற்றிய கருத்து ஆகிய யாவும் சாட்சியும் முத்திரையுமின்றி ஒரு நொடியிற் பதிவாகி, கண்காணாத் தொலைவிலுள்ளாரையும் சென்று சேர்கின்றன. இங்ஙனம் இடப்படுவனவற்றுட் சிலவே படிக்கப்படுகின்றன; படிக்கப்படுவனவற்றுள்ளும் மிகச் சிலவே மறுநாள் நினைவில் நிற்கின்றன. படிப்பாரை நிறுத்திவைக்கும் பதிவு எத்தகையது, கைப்பேசி ஒன்றையே துணையாகக்கொண்டு அதனை ஆக்குவது எங்ஙனம், பிறர் கவனத்தை ஈர்க்கும் அவ்வாற்றல் எப்பொழுது தீமையாய் முடியும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இவ்வூடகங்கள் தோன்றிய வகையை முதலிற் சிறிது அறிதல் நலம். ஃபேஸ்புக் 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்க்கென்று தொடங்கப்பெற்றது. யூடியூப் 2005-லும், டுவிட்டர் 2006-லும், இன்ஸ்டாகிராம் 2010-லும் தோன்றின. டுவிட்டர் 2023 முதல் எக்ஸ் என்னும் பெயரால் வழங்குகின்றது. அதிற் பதிவொன்றுக்கு முதன்முதல் விதிக்கப்பட்ட அளவு 140 எழுத்து. சுருங்கச் சொல்லல் என்னும் அழகை நாடி எவரும் இவ்வெண்ணை வகுத்திலர். கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்று 160 எழுத்துக்களையே தாங்கும். அவற்றுள் 20 அனுப்புவோர் பெயருக்கென ஒதுக்கப்பட, எஞ்சியது 140. பின்னர் 2017-ல் அவ்வளவு 280 ஆக உயர்த்தப்பட்டது. தமிழர்க்கு இக்கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கோ அஃது ஐந்து. மகரத்தோடு வந்த இகரக் குறியையும், ழகரத்தின் தலைமேலுள்ள புள்ளியையும் அது தனித்தனியே எண்ணிக்கொள்கின்றது. அன்றியும், ஆங்கிலத்தில் 160 எழுத்துக் கொள்ளும் அக்குறுஞ்செய்தி தமிழில் 70 குறிகளுக்குமேற் கொள்வதில்லை. ஆகவே தமிழிற் சுருங்க எழுதுதல் ஒரு காலத்திற் காசுபற்றிய கட்டாயமாகவும் இருந்தது.

யூடியூபில் முதன்முதல் ஏற்றப்பட்ட காணொளி இன்றும் அங்கேயே இருக்கின்றது. 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் நாள் இடப்பட்ட அதன் நீளம் 19 விநாடி. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய ஜாவேத் கரீம் என்பார் சான் டியேகோ நகர மிருகக்காட்சிசாலையில் யானைகளின் முன்னே நின்று, அவற்றின் துதிக்கை மிக நீளமானது என்ற அளவில் ஏதோ சொல்லி முடிக்கின்றார். ஒளியமைப்பும் இல்லை, இசையும் இல்லை. ஆயினும் காணத்தக்க பொருள் ஒன்று அதில் இருக்கின்றது. அதைப்பற்றிய சொல்லும் ஒன்று இருக்கின்றது. இவ்விரண்டுமில்லாத காணொளிகள் நாடோறும் எத்தனையோ ஏற்றப்படுகின்றன.

நிற்க. தொடக்கத்தில் ஒருவர் இட்டவை இட்ட வரிசையிலேயே அவர்தம் நண்பர்க்குக் காட்டப்பட்டன. நாளடைவிற் பதிவுகள் பெருகியமையால், யார்க்கு எதனை முன்னே காட்டுவது என்பதைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கும் முறை ஏற்பட்டது. அல்காரிதம் என்று எல்லாரும் கூறுவது இதனையே. யூடியூப் நிறுவனத்தார் 2012-ல், ஒரு காணொளி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை விட்டு, எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதை முதன்மையான அளவுகோலாகக் கொண்டனர். இன்ஸ்டாகிராம் 2016-ல் கால வரிசையைக் கைவிட்டது. ஃபேஸ்புக்கிலோ 2009-ல் லைக் என்னும் பொத்தான் வந்தது. 2016-ல் அதனுடன் அன்பு, நகை, வியப்பு, துயரம், சினம் முதலியவற்றைக் காட்டும் முகக்குறிகளும் சேர்ந்தன. 2017-ல் அந்நிறுவனத்தின் கணக்குப்பொறி இம்முகக்குறி ஒன்றுக்கு ஐந்து லைக்குகளின் மதிப்பை அளித்துவந்தது என்பதும், எனவே சினக்குறி மிகுதியாகப் பெற்ற பதிவுகள் மேலேறின என்பதும், 2021-ல் அதன் உள்ளாவணங்கள் வெளிவந்தபோது உலகிற்குத் தெரியலாயின. அதற்கு முன்பே, 2020-ல், சினக்குறியின் மதிப்பு முற்றும் நீக்கப்பட்டிருந்தது.

இதனால் நாம் அறியவேண்டுவது ஒன்று. திரையைத் தள்ளிக்கொண்டே செல்லும் விரல் ஓரிடத்தில் நின்றது என்பதனைப் பொறி அறியும். அன்பினால் நின்றதோ, அருவருப்பினால் நின்றதோ, அடுத்தவீட்டுச் சண்டையை எட்டிப் பார்க்கும் ஆவலால் நின்றதோ என்பதை அது செவ்வனே அறியாது. எனவே, கவரும் பதிவு என்று நாம் சொல்லும்போது ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு பொருளைக் குறிக்கின்றோம். விரலை நிறுத்துவது ஒன்று. நின்றவர்க்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்தனுப்புவது மற்றொன்று. முன்னதற்குத் தந்திரங்கள் பல உண்டு. ‘இதைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்’ என்று தலைப்பிடுதல், பாதியில் நிறுத்தி மீதியை அடுத்த பதிவில் காண்க என்றல், பிறரை வம்புக்கிழுத்தல் முதலியன அவை. அவற்றை ஈண்டு விரித்துரைக்க விருப்பமில்லை. கற்பிப்பாரின்றியே யாவரும் கற்றுக்கொள்கின்றனர்.

பின்னதற்கு நம் நாட்டிலேயே சிறந்ததோர் உதாரணம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் என்னுஞ் சிற்றூரில், ஒரு குடும்பத்து இளைஞர் ஐவரும், முன்னர்ச் சமையல் தொழில் செய்தவராகிய அவர்தம் பாட்டனார் பெரியதம்பியும் சேர்ந்து 2018-ல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் யூடியூப் நிலையத்தைத் தொடங்கினர். ஆண்டு முழுவதும் வயலில் வேலை கிடையாமையால், எஞ்சிய காலத்திற்கு ஒரு தொழில் தேடியே இதில் இறங்கினர். 2021-ஆம் ஆண்டில் அந்நிலையம் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்றது. தமிழ் யூடியூப் நிலையங்களுள் அவ்வெண்ணை முதலில் எட்டியது அதுவே. அவ்வாண்டு அவர்கள் தம் வருவாயிலிருந்து 10 லட்சம் ரூபாயை முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு அளித்தனர்.

அவர்கள் செய்ததுதான் யாது? வெட்டவெளியில் அடுப்பு மூட்டி, பெரும் பாத்திரங்களிற் சமைத்தனர். மசாலாவை அம்மியில் அரைத்தனர். ஒவ்வொரு பண்டத்தையும் பாத்திரத்தில் இடும்போது அதன் பெயரை உரக்கக் கூவினர். முடிவில் பலர்க்குப் பரிமாறினர். இவ்வளவே. ஆயினும் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குக. சமையலுக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் இயல்பாகவே அமைந்துள்ளன. பச்சைக் காய்கறியைக் கண்டவர் அது குழம்பாவதைக் காணும்வரை எழுந்திரார். ‘மிக அருமையான சுவை’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயிற் கடுகு வெடிக்கும் ஓசையே அதனைச் சொல்லிவிடும். கையின் தொழிலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாவாகலின், தமிழறியாதாரும் கண்டு மகிழ்ந்தனர். எல்லாவற்றினும் மேலாக, அவர்கள் தாம் நன்கறிந்ததொன்றைத் தாம் வாழும் இடத்திலேயே செய்தனர். வயலும் வாய்க்காலும் அவர்க்கு அலங்காரத் திரையாய் இருந்தில, வீடாய் இருந்தன. அவர்தம் வெற்றியைக் கண்டு பாத்திரத்தின் அளவை மட்டும் பின்பற்றியோர் பலர். ஆட்டை முழுதாகச் சுட்டும், முட்டையை ஆயிரக்கணக்கில் உடைத்தும் பார்த்தனர். அளவு கண்ணை ஒருமுறை நிறுத்தும். மறுமுறை அதனினும் பெரிதொன்றைக் கேட்கும்.

நம் மாணவர்க்கு அடுப்பும் அம்மியும் வேண்டுவதில்லை. அவர் அன்றாடங் காண்பவற்றுள்ளேயே பொருள் நிறைந்துள்ளது. கல்லூரியொன்றில் மணியடிக்கும் முதியவர் ஒருவர் ஓய்வு பெறுகின்றார் எனக் கொள்வோம். மாணவன் ஒருவன் அவர்க்கு மாலையிட்ட கூட்டத்தைத் தொலைவில் நின்று படமெடுத்து, அவற்றுள் இருபதை ஒருங்கே இட்டு, ‘மறக்க முடியாத மாமனிதர் இன்று விடைபெற்றார், மனம் கனக்கிறது’ என்று எழுதுகின்றான். அவன் நண்பர் நூற்றுவர் லைக் இட்டுச் செல்வர். அம்முதியவரை அறியாதார் எவரும் அங்கு நில்லார். வேறொருவன் மணிக்கயிற்றைப் பற்றிய அவரது உள்ளங்கையை மிக அணுக்கமாகப் படமெடுக்கின்றான். கயிறு உராய்ந்து காய்ப்பேறிய இடம் அதில் தெளிவாய்த் தெரிகின்றது. அதன் கீழ், ‘நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை. கடிகாரத்தைப் பார்த்து அடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். வராந்தாத் தூணின் நிழல் எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்து அடிப்பாராம்’ என மூன்று வாக்கியம் எழுதுகின்றான். இதைப் படிப்பவருள் ஒருவராவது, மழைநாளில் என்ன செய்வார் என்று கேட்பார். கேட்டவர் விடைக்காகத் திரும்பி வருவார். முன்னவனுக்கு அன்பு குறைவு என்று கூறுதல் தகாது. ஆனால் அவன் தன் உள்ளத்தில் நிகழ்ந்ததையே எழுதினான். பின்னவன் நாமும் காணும்படி ஒன்றை நம் முன்னே வைத்தான். பின்னவன் அதற்காகச் செய்த முயற்சி, அம்முதியவரிடம் சென்று கேட்டதே. கேளாமல், நிழல்பற்றிய செய்தியைத் தானே கற்பனை செய்து எழுதியிருப்பானாயின், அஃது இன்னும் அழகாக இருந்திருப்பினும், பொய்யேயாகும்.

இனிக் கருவியைக் கையாளும் முறை. கைப்பேசி சட்டைப்பையிலும் கையிலுமே கிடப்பதால் அதன் வில்லையின்மேல் விரல் எண்ணெய் படிந்திருக்கும். படம் மங்கலாயிருக்கின்றது, புதிய கைப்பேசி வாங்கவேண்டும் என்பவர் முதலில் அவ்வில்லையை மெல்லிய துணியால் துடைத்துப் பார்ப்பாராக. அடுத்தது ஒளி. நண்பகல் வெயில் கண்குழியில் நிழலை வீழ்த்தும். காலை மாலை வெயிலும் சன்னலோரத்து வெளிச்சமும் முகத்திற்கு இனியன. சன்னலுக்கு முன்னே ஒருவரை நிறுத்தி உள்ளேயிருந்து படமெடுத்தால் முகம் கருத்துப்போகும். அவரைச் சன்னலை நோக்கித் திருப்பி நிறுத்துக. திரையில் முகம் தெரியும் இடத்தை விரலால் தொட்டால், கருவி அம்முகத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். தொலைவிலுள்ளதை இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவதிலும், நாலடி முன்னே நடந்து செல்வது மேலானது. விரலால் விரிக்குங்காற் பெரும்பாலான கைப்பேசிகள் ஓரளவிற்குமேற் படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெருக்கிக் காட்டுகின்றனவேயன்றி, புதிதாய் எதையும் காண்பதில்லை. காணொளி எடுக்குங்கால் முழங்கைகளை விலாவோடு அணைத்துப் பிடித்தால் நடுக்கம் குறையும். ரீல்ஸ் முதலிய குறுங்காணொளிகள் நெட்டுவாக்கிலே, 9-க்கு 16 என்னும் விகிதத்திற் காட்டப்படுவன. திரையின் அடியிலும் வலப்புறத்திலும் பொத்தான்களும் பெயரும் வந்து மறைக்குமாதலால், அவ்விடங்களில் எழுத்தை வைத்தல் கூடாது.

படம் சிறிது பழுதுபடினும் காண்பார் பொறுத்துக்கொள்வர். ஒலி பழுதுபட்டால் பொறார். கைப்பேசியின் ஒலிவாங்கி பெரும்பாலும் அதன் அடிவிளிம்பில் உள்ளது. நாம் அறியாமலே அதனை உள்ளங்கையால் மூடிவிடுகின்றோம். பேசுவோர் ஒரு கைநீளத்திற்குள் இருத்தலும், மின்விசிறியை நிறுத்துதலும், காற்றுக்கு முதுகு காட்டி நிற்றலும் செலவில்லாத பரிகாரங்கள். காதிற் செருகும் ஒலிக்கருவியின் கம்பியிலுள்ள சிறு ஒலிவாங்கியைச் சட்டையிற் குத்திக்கொண்டாலும் போதும். ஆனால் பேருந்திலும் நூலகத்திலும் ஒலியை அடக்கியே பார்ப்போர் மிகப் பலர். செவிப்புலன் இல்லாதாரும் உளர். ஆதலின் பேசும் சொற்களைத் திரையிலும் எழுத்தாகக் காட்டுதல் வேண்டும். கண்பார்வை இல்லாதார்க்குப் படத்தைச் சொல்லால் விளக்கும் குறிப்பெழுத இன்ஸ்டாகிராம் 2018-ல் இடமளித்தது. அதனைப் பயன்படுத்துவோர் அரியர். ‘மணிக்கயிற்றைப் பற்றிய ஒரு முதியவரின் கை’ என்று எழுத எத்தனை நேரம் ஆகும்?

தொடக்கத்தைப்பற்றி ஒரு சொல். ‘அனைவர்க்கும் வணக்கம், இன்றைய காணொளியில் நாம் பார்க்கப்போவது யாதெனில்’ என்று தொடங்குவார், அதனைக் கூறி முடிக்கு முன்னரே பாதிப்பேரை இழந்துவிடுகின்றனர். மேடையில் அவையடக்கம் அழகு. இவ்விடத்தில் வருவோர் நாற்காலியில் அமர்ந்தவரல்லர், தெருவிற் கடந்து செல்பவர். ஆதலின் கையையோ மணியையோ முதல் விநாடியிலேயே காட்டிவிட்டு, வணக்கத்தைப் பிறகு கூறலாம். ஒரு பதிவிற்கு ஒரு பொருளே போதும். இரண்டு உளவாயின் இரண்டு பதிவாக்குக.

மொழி நடையிலும் கவனம் வேண்டும். தமிழைக் கைப்பேசியில் எழுதுதல் அரிதென்பது இப்பொழுது பொருந்தாத சாக்கு. 2005-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சிங்கப்பூரில் ‘செல்லினம்’ வெளியிடப்பட்டது முதல் கைப்பேசியிற் தமிழ் எழுதும் வழிகள் பெருகிவந்துள்ளன. 1999-ல் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ் 99 விசைமுறை இன்றும் பயன்படுகின்றது. 2017-ல் கூகுள் நிறுவனத்தார் தமிழிற் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியை அளித்தனர். இவ்வசதி விரைவானது, ஆனால் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் தன் மனம்போல் மாற்றிவிடும், நிறுத்தக்குறிகளையும் நாமே இட வேண்டிவரும். ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பின்னரே வெளியிடுதல் வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கத்தை இக்கட்டுரையாளன் விரும்பவில்லை. தேடுவோர் தமிழ் எழுத்தில் தேடும்போது அது எளிதில் அகப்படாது என்பது ஒரு காரணம். கண்ணுக்கு அது கரடுமுரடாயிருக்கின்றது என்பதே உண்மைக் காரணம். ஹாஷ்டேகுகளை முப்பது நாற்பது என்று அடுக்குவாரும் உளர். ஊர்ப்பெயர் ஒன்று, பொருட்பெயர் ஒன்று, இரண்டோ மூன்றோ அமையும்.

இதுகாறும் கூறியவை கவனத்தை ஈர்த்தற்குரியன. ஈர்த்த கவனம் உயிரைக் காத்ததும் உண்டு, உயிரைப் போக்கியதும் உண்டு. இரண்டும் நம் தமிழ்நாட்டிலேயே மூன்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்தன.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்திற் பெய்த பெருமழையாற் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. தொழிலாளர் அச்சகத்தை அடைய இயலாமையால் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ், 1878-ல் தோன்றியது முதல் அதுவரை இல்லாதவாறு, டிசம்பர் 2-ஆம் நாட் சென்னைப் பதிப்பை அச்சிடாது போயிற்று. அந்நாட்களிற் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் செய்யமுடியாததைக் கைப்பேசிகள் செய்தன. எந்தத் தெருவில் எத்தனை பேர் மாடியில் நிற்கின்றனர், எவ்விடத்திற் படகு உண்டு, எந்த மண்டபத்தில் உணவு கிடைக்கும் என்னும் பதிவுகள் ஃபேஸ்புக்கிலும் டுவிட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் பறந்தன. அவற்றுள் அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை. இடம், எண்ணிக்கை, தொலைபேசி எண் என்பவையே இருந்தன. அத்தகைய சமயத்திற் பெரிதும் வேண்டுவதும் பெரும்பாலும் விடுபடுவதும் நேரம். இன்ன நாள் இன்ன மணி என்று குறியாத வேண்டுகோள், அக்குடும்பம் மீட்கப்பட்ட பின்னரும் பலர் கைமாறிச் சுற்றிக்கொண்டேயிருக்கும். வேறிடம் செல்லவேண்டிய படகை அவ்விடத்திற்கு அழைக்கும். எனவே உதவி கோரும் பதிவில் நாளும் மணியும் எழுதுதலும், உதவி கிடைத்தவுடன் அதனை அப்பதிவிலேயே குறித்தலும் இன்றியமையாதன.

2018-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது வேறு. குழந்தைகளைக் கடத்தும் கூட்டத்தார் ஊருக்குள் வந்துள்ளனர் என்னும் செய்தி வாட்ஸ்அப்பில் இந்தியாவின் பல மாநிலங்களிற் பரவியது. அதனோடு உலவிய காணொளிகளுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். அது பாகிஸ்தானத்துக் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தற்கென்றே நடிகரைக்கொண்டு எடுக்கப்பட்ட விளம்பரப்படம். அதன் இறுதியில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொணர்ந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவர். அவ்விறுதிப்பகுதியை எவரோ வெட்டி நீக்கிவிட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில், தங்கள் குலதெய்வக் கோயிலுக்கென்று சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அணித்தாய ஒரு சிற்றூரில் வழிகேட்க வண்டியை நிறுத்தினர். அவர்களுள் அறுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகட்கு இனிப்புக் கொடுத்தார். கடத்தற்காரர் என்று கருதிய கூட்டம் அவர்களை அடித்தது. மூதாட்டி இறந்தார்; உடன்சென்றோர் படுகாயமுற்றனர்.

நாம் மேலே கூறிய இலக்கணங்களை வைத்து அக்காணொளியை அளந்து பார்ப்போமாயின், உடல் நடுங்கும். முதல் விநாடியிலேயே பொருள் தோன்றுகின்றது, பொருள் ஒன்றே, சொல் மிகையில்லை, காண்பவர் விரல் நிற்கின்றது. பிறர்க்கு உடனே அனுப்புக என்று அஃது எவரையும் கெஞ்சவேண்டியிருக்கவில்லை. அனுப்பியோர் கொடியரும் அல்லர். பெரும்பாலோர் தம் பிள்ளைகளுக்கு அஞ்சிய தாய் தந்தையர். அயலாரை எச்சரிக்கும் நல்லெண்ணத்தாற் செய்தனர். கவரும் ஆற்றலுக்கும் உண்மைக்கும் இயல்பான உறவு யாதொன்றும் இல்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அதே 2018-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆராய்ச்சியாளர் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் ஏறத்தாழ 30 லட்சம் பேராற் பரப்பப்பட்ட சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து தம் முடிவுகளை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். பொய்ச்செய்தி மெய்ச்செய்தியைவிட மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு 70 சதவீதம் மிகுதி என்றும், அதற்குக் காரணம் தானியங்கிப் பொறிகள் அல்ல, மனிதரே என்றும் அவர்கள் கண்டனர். பொய்யில் இருந்த புதுமையே மக்களை ஈர்த்தது என்பது அவர் கருத்து. மெய்யோ பெரும்பாலும் முன்னர்க் கேட்டது போன்றே இருக்கும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனத்தார், இந்தியாவில் ஒரு செய்தியை ஒருமுறைக்கு ஐந்து உரையாடல்களுக்குமேல் முன்னனுப்ப முடியாதபடி வரம்பு வகுத்தனர். 2019-ல் அதனை உலகெங்கும் விரித்தனர். 2020-ல், பலமுறை கைமாறிய செய்தியாயின் ஒன்றுக்குமேல் இயலாது என்றாக்கினர். ஐந்தென்றும் ஒன்றென்றும் அந்நிறுவனம் வகுத்த வரம்பு விரலுக்குத்தான். ஒரு படம் ஐயத்திற்குரியதாயின், கூகுள் லென்ஸ் முதலியவற்றில் அப்படத்தையே கொடுத்துத் தேடினால் அது முன்னர் எங்கு எப்பொழுது வெளிவந்தது என்பது பலவேளைகளில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட மனமில்லாதார் அனுப்பாதிருத்தல் நன்று.

வேறு சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாய்க் கூறி அமைவாம். பிறர் முகத்தை வெளியிடுமுன் அவர் இசைவைப் பெறுக. மணியடிக்கும் முதியவரிடமும் கேட்கவேண்டும், அவர் கைப்பேசி வைத்திராதவராயின் அதனினும் தெளிவாக விளக்கிக் கேட்கவேண்டும். படத்தினுள் அஃது எடுக்கப்பட்ட இடமும் நேரமும் மறைந்து பதிந்திருக்கக்கூடும். படத்தைக் கோப்பாகவே பிறர்க்கு அனுப்பினால் அவையும் உடன்செல்லும். தேர்வு நுழைவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் மகிழ்ச்சிப்பெருக்கிற் படமெடுத்து இடும் மாணவர், எண்ணையும் பிறந்த நாளையும் வழிப்போக்கர்க்கெல்லாம் வழங்குகின்றனர். பொருளோ பணமோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் புகழ்வோர், அது விளம்பரம் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-ல் விதி வகுத்துள்ளது. இட்டதை நீக்கிவிடலாம் என்று எண்ணித் துணிந்து எதையும் இடற்க. நீ நீக்குமுன் வேறொருவர் தம் திரையைப் படமாகச் சேமித்திருப்பர்.

லைக் எண்ணிக்கைபற்றி மாணவர்க்குள்ள கவலை பெரிது. அவ்வெண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதியை 2021-ல் இன்ஸ்டாகிராம் அளித்துள்ளது. கவலையுடையார் அதனைக் கைக்கொள்ளலாம். எண்ணைக் காட்டிலும் மறுமொழிகளே படிக்கத்தக்கவை. மழைநாளில் என்ன செய்வார் என்று கேட்டவர்க்கு விடை எழுதுதலும் பதிவிடுதலின் ஒரு பகுதியே. பலர் அதனை மறந்து, அடுத்த பதிவிற்கு ஓடிவிடுகின்றனர்.

நம் போன்ற கல்லூரிகட்கு இவ்வூடகம் மிகப் பயன்படும் வகை ஒன்றுண்டு. பழைய விடுதி ஆண்டுவிழாப் படமொன்றைச் சன்னலோரத்தில் வைத்துக் கைப்பேசியாற் படமெடுத்து, ‘இரண்டாம் வரிசையில் இடப்புறமிருந்து மூன்றாமவர் யார்?’ என்ற ஒரே வினாவோடு இட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து ஒருவர் பெயரைச் சொல்வார். கோலாலம்பூரிலிருந்து மற்றொருவர், அது தவறு, அவர் தம்பி என்று திருத்துவார். மூன்றாமவரின் பேரன் வந்து, பாட்டனாரை இவ்வயதில் இப்பொழுதுதான் கண்டேன் என்பான். இங்ஙனம் கிடைக்கும் பெயர்களை அங்கேயே விட்டுவிடலாகாது. ஆர்குட் என்னும் ஊடகம் 2014-லும், கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. மைஸ்பேஸ் தன்னிடம் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் தொலைந்துபோயின என்று 2019-ல் ஒப்புக்கொண்டது. ஆகையால் மறுமொழிகளிற் கண்ட பெயர்களை ஒரு தாளில் எழுதி, கூறினார் யார், எந்நாள் என்பதையும் குறித்து, அப்பழைய படத்தோடு சேர்த்துக் கல்லூரி நூலகத்தில் ஒப்படைப்பது பதிவிட்டவரின் கடன். படத்தின் பின்புறத்தில் நேரே எழுதுவதாயின் மென்மையான பென்சிலாலேயே எழுதவேண்டும். பேனாவின் மை முன்புறம் ஊறிவிடும்.